நான் ஊர் சுற்றிய அன்று அவர் பசியாறவில்லை

பை என்னுடையது இல்லை. நாத்தனார் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் தூக்கிய பை. ஒரு பக்கத்து ஜிப் வேலை செய்யாது. அதற்குள் தண்ணீர் போத்தல், குடை, பன், துண்டு எல்லாவற்றையும் நாத்தனார் திணித்தாள். என்னைத் திருப்பி நிற்க வைத்து முதுகில் மாட்டிவிட்டாள்.

“இப்ப வெள்ளக்காரி மாதிரியே இருக்கீங்க அண்ணி. கலருதான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

கட்டிலில் இருந்து அவர் சிரித்தார். இப்போதெல்லாம் சிரித்தால் முகத்தில் பாதிதான் சிரிக்கும்.

அவர் என் வீட்டுக்காரர். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினவர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு வரும். குழறி வரும். நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பாக்டரியில் வேலை பார்த்தேன். நின்றுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேறு யார் பார்ப்பது.

நாத்தனார் அவருக்கு ஒரே தங்கை. சுங்கை பூலோவில் இருக்கிறாள். லீவு கிடைத்தால் வருவாள். அந்தத் தடவை வந்தபோது டிவியில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைக் காட்டினார்கள். நான் இதை நேரில் பார்த்ததில்லை என்று சும்மா சொன்னேன்.

அவள் நம்பவில்லை. “கிள்ளான்லயே பொறந்து கிள்ளான்லயே வளந்து, கேஎல் பாத்ததில்லயா? ரயில் ஏறினா போயிரலாமே லா!”

“கேஎல் போயிருக்கேன். பத்துமலைக்குத் தைப்பூசத்துக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு.”

“சாமியும் நோயும் ஊரு பாக்குறதுல சேராது.”

கட்டிலில் இருந்து அவர் ஏதோ சொன்னார். பக்கத்தில் போய்க் கேட்டேன். கல்யாணம் ஆன புதிதில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதைத்தான் சொன்னார். “நா... கூட்டிப் போல.” பிறகு இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். “போ.”

நாத்தனார் மட்டும் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அவர் சொன்னதால்தான் சரி என்றேன். இப்படி எழுதும்போதே தெரிகிறது, இது சமாதானம். போக எனக்கு ஆசை இருந்தது.

காலையில் அவருக்கு இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன். நாத்தனார் விடவில்லை. வெயில் ஏறிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளாத குறையாகத் தள்ளினாள். இனிப்பு நீர் மாத்திரையை மட்டும் கொடுத்தேன். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சீனி இறங்கும். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு வரைக்கும் சொன்னேன். படியில் இறங்கும்போதும் சொன்னேன்.

“அண்ணி, நான் ரெண்டு புள்ள வளத்தவ,” என்று மேலே இருந்து கத்தினாள். “அண்ணன்தானே. போங்க.”

கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் இந்நேரம் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். பிறகு முதுகு துடைப்பேன். கைக்கு வேலை இல்லாமல் இருந்தது. பையின் கெட்டுப்போன ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஷா ஆலம் தாண்டியதும் அதை விட்டுவிட்டு வெளியே பார்த்தேன்.

கேஎல் பழைய ரயில் நிலையத்தில் இறங்கினேன். வெள்ளைக் கட்டடம், மேலே குடை குடையாக. அங்கே முதுகில் பெரிய பையும் முன்னால் சின்னப் பையுமாக நாலைந்து பேர் போனார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள். எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் போன பக்கம் நானும் போனேன். அவர்கள் நின்றால் நின்றேன். அவர்கள் ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் நானும் பார்த்தேன். டிக்கெட் வாங்க வேண்டிய இடத்துக்குள் அவர்கள் போகவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

மெர்டேக்கா மைதானத்தில் கொடிக்கம்பத்தின் கீழ் ஒரு மலாய்க்காரப் பாதுகாவலர் நின்றார். என் பையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். எந்த நாடு என்று மலாயில் கேட்டார்.

“கிள்ளான்,” என்றேன்.

“கிள்ளான்?”

“கிள்ளான்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூரத்தில் நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டு, “ஓய், இந்த ஆன்ட்டி கிள்ளான்ல இருந்து டூரிஸ்ட்டா வந்திருக்காங்க!” என்று மலாயில் கத்தினார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அந்த ஆள் அங்கிருந்தே கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று நினைவில் இல்லை.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

“அண்ணி, எங்க இருக்கீங்க?”

“மைதானத்துல. அவரு பசியாறிட்டாரா?”



“அண்ணன் வாயவே தொறக்க மாட்டேங்குது.”

“சூடா இருந்துச்சா?”

“ஆற வச்சுத்தான் கொண்டு போனேன். சாம்பார்ல பெசஞ்சு கொண்டு போனேன். மூஞ்சிய திருப்பிக்கிது. சின்னப் புள்ளயில எனக்கு அது ஊட்டிவிட்டிருக்காம். என் கையால வாங்க அதுக்குக் கூச்சம் போல.”

“நான் வந்துர்றேன்.”

“வந்து பாருங்க. இன்னிக்கு நீங்க திரும்பி வந்தீங்க, அதோட சரி. அப்புறம் பாசாருக்குக் காய் வாங்கப் போனாக்கூட அது பட்டினி கெடக்கும். பசிச்சா தானா திங்கும். சீனி போட்டு தே ஓ குடுத்தேன். ஸ்ட்ரால உறிஞ்சிருச்சு. ஒண்ணும் ஆகாது. நீங்க சுத்துங்க.”

பால் இல்லாத அந்தச் சீனித் தேத்தண்ணீரைக் குடித்தார் என்றதும் மனசைத் தேற்றிக்கொண்டேன். சீனி இறங்காது. நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் செய்தது அதுதான். புல்லில் உட்கார்ந்தேன். பையில் இருந்த பன்னை எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் அம்மா அப்படி இருந்தாள், நானும் இருந்தேன். லோரி ஓட்டின காலத்தில் அவர் வர ராத்திரி ஆகும். நீ சாப்பிடு, எனக்காகக் காயாதே என்று திட்டுவார். கேட்கமாட்டேன். அவர் படுத்த பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் கையால் அவருக்கு ஊட்டுவேன். கை கழுவமாட்டேன். அதே தட்டில் எனக்குப் போட்டுச் சாப்பிடுவேன். அவர் வயிறு நிறைந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆற்றோரம் நடந்தேன். இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் பழைய மசூதி. மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக ஓடியது. படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எழுந்து போய்ப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அது நன்றாக இருந்தது. இப்படி நினைக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நன்றாக இருந்தது.

காசு வாங்காத டவுன் பஸ் ஒன்று இருக்கிறது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். கேட்டுக் கேட்டுப் போய் ஏறினேன். உள்ளே நல்ல குளிர். கோபுரத்துக்கு எங்கே இறங்குவது என்று பக்கத்தில் இருந்த சீனக் கிழவியைக் கேட்டேன். அவளும் வெயிலுக்குத்தான் ஏறினாளாம். எங்கேயும் இறங்குகிற எண்ணம் இல்லையாம்.

“நீயும் உக்காரு லா,” என்றாள் மலாயில். “ஒரு சுத்து சுத்திட்டு எறங்கு. காசா பணமா.”

உட்கார்ந்தேன். பஸ் ஒரு முழுச் சுற்று சுற்றியது. கோபுரம் ஒரு தடவை ஜன்னலில் வந்து போனது. அடுத்த தடவை வந்தபோது இறங்கினேன்.

கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். எல்லோரும் தரையில் படுத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் படுக்கவில்லை. மேலே ஏறிப் பார்க்க டிக்கெட் விலை எழுதியிருந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வருத்தம் இல்லை. மேலே போனால் கோபுரம் தெரியாது.

அவருக்குக் காட்ட ஒரு போட்டோ எடுத்தேன். உச்சி வரவில்லை. இன்னும் பின்னால் போய் எடுத்தேன். அப்போதும் வரவில்லை. பின்னால் போய்ப் போய்க் குளத்து ஓரம் வந்துவிட்டேன். முழுசாக வந்தது. அனுப்பலாம் என்று நாத்தனார் நம்பரைத் தேடினேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

“மத்தியான சோறும் வேணாங்குது அண்ணி. பருப்பு ஊத்தி, முட்ட பொரிச்சு வச்சேன். வாய இறுக்கி மூடிக்கிது. கைய வேற போர்வைக்குள்ள வச்சிக்கிட்டு அப்படியே கெடக்குது. எனக்கே அழுக வருது.”

“தே ஓ?”

“குடிச்சுது. அது மட்டுந்தான்.”

“வந்துர்றேன்.”

அவள் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுபடி பஸ் ஏறிச் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்தேன். கிள்ளான் ரயிலுக்குக் கீழே இறங்க வேண்டும். தமிழ்க் கடைகள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸுக்கு வெளியே போக வேண்டும். நான் வெளியே போனேன்.

இதை நான் மாற்றி எழுத முடியாது. காலையில் இருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, மயக்கம் வருகிற மாதிரி இருந்தது, எல்லாம் உண்மை. பையில் பன் இருந்தது, அதுவும் உண்மை. ஒருவரும் ஊட்டாமல் அவர் கிடக்கிறார் என்று தெரியும். எனக்கு இலைச் சோறு வேண்டியிருந்தது. நான் சமைக்காத சோறு. சூடாக, யாராவது எனக்குப் போட வேண்டும்.

கடையில் கூட்டம். மூலையில் ஒரு மேசையைக் காட்டினார்கள். இலை போட்டார்கள். பரிமாறிய பையன் தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்தவன் போல. பேச்சிலேயே தெரிந்தது.

“அக்காக்கு என்ன குழம்பு? மீனா, கோழியா, சாம்பாரா?”

என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மூன்று வாளியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“மூணையும் ஊத்தவா? பிரச்சனை இல்லக்கா.”

“மீன்.”

பிசைந்து முதல் வாய் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சாப்பிடாமல் நான் வைத்த முதல் வாய். நன்றாக இருந்தது. தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். அடுத்த வாய் நிற்கவில்லை.

எதிர் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை. அவள் பை அவளைவிடப் பெரிது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் இலை போட்டார்கள். சோறு வந்ததும் இடது கையை உள்ளே விட்டாள்.

எனக்கு உடம்பு கூசியது. அது என்ன கை என்று நமக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். என் இலை பக்கத்தில் இருந்ததால் இருக்க முடியவில்லை. என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “திஸ் ஹேண்ட். தட் ஹேண்ட் நோ குட்,” என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. மேசைக்கு அடியில் இருந்து வலது கையை மேலே எடுத்தாள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அதில் யார் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்.

“மோட்டார்பைக். தாய்லாந்து,” என்றாள். கையால் காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாள். “பூம்!”

அவள் சிரித்தாள். பக்கத்து மேசையில் இருந்த ஆள்களும் சிரித்தார்கள். “சாரி, சாரி,” என்று என்னிடம் சொன்னாள். சாரி அவள் சொன்னாள், நான் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையைத் திரும்ப மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். இடது கையை இலைக்கு மேலே தூக்கியபடியே வைத்திருந்தாள். சாப்பிடலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ரசம் கொண்டுவந்த பையன் பார்த்துவிட்டான். “விடுங்கக்கா, பாவம். எந்தக் கைன்னு வயித்துக்குள்ள லைட்டு போட்டா பாக்குது? எங்க மொதலாளிக்குக் காசு குடுக்குற கை நல்லா இருந்தா போதும்.”

நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். ஈட், ஈட் என்றேன். அவள் சாப்பிட்டாள். பாதி சோறு வாய்க்குப் போனது, பாதி மடியில் விழுந்தது. அவளுக்கு வெட்கம் இல்லை. பசி இருந்தது.

நான் அதற்கு மேல் சாப்பிடவில்லை. இலையை மடிக்கவும் இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம். தட்டை மடியில் வைத்துவிட்டு ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் அவர் இடது கை தட்டுக்குள் இருந்தது. சோற்றை உருட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையில் அடித்தேன். ஓங்கி இல்லை. ஆனால் அடித்தேன்.

“ச்சீ, அது கழுவுற கை. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்போது பேச்சும் சரியாக வரவில்லை. கையைத் துண்டால் துடைத்துவிட்டேன். வலது கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பிசியோவுக்குப் போனபோது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் சொன்னாள். மலாய்க்காரப் பெண், சின்ன வயது. இடது கைக்குப் பழக்குங்கள், கரண்டி கொடுங்கள் என்றாள். எங்கள் வீட்டில் அப்படிச் சாப்பிட மாட்டோம் என்றேன். எங்கள் வீட்டிலும் மாட்டோம் ஆன்ட்டி, இது வேற என்றாள். கரண்டி வைத்தாலும் இடது இடதுதான் என்று சொல்லி எழுந்துவிட்டேன். நாத்தனார் அன்றைக்குக் கூட இருந்தாள். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு தட்டு எடுத்து வந்தால் அவர் இடது கை போர்வைக்குள் போய்விடும். தினமும் போகும். நோயாளிக்குக் குளிரும் என்று நான் போர்வையை இழுத்து நன்றாக மூடிவிடுவேன்.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

“தட்ட அவருக்கு எடது பக்கம் வையி. ஒரு கரண்டியும் வையி. ஊட்டாத. கதவச் சாத்திட்டு வெளிய வந்துரு. யாரும் பாக்க வேணாம்.”



“எடது கையாலயா அண்ணி?”

“ம்.”

“நீங்கதானே அன்னிக்கு அந்தப் புள்ளகிட்ட...”

“ஆமா, நான்தான்.”

“சரி,” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரயிலில் உட்கார இடம் இல்லை. சுபாங் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். மெதுவான குரலில், “கதவு சாத்தித்தான் இருக்கு, சத்தமே இல்ல,” என்றாள். சாப்பிடும் சத்தம் வெளியே கேட்குமா என்று கேட்டேன். தட்டுச் சத்தம் கேட்கும் அண்ணி என்றாள்.

பன் நினைவு வந்தது. பையில் கையை விட்டேன். குடைக்கு அடியில் நசுங்கி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

வீட்டுக்குள் போனதும் நாத்தனார் பையை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கதவைத் திறந்தேன்.

தட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பருப்பு காய்ந்து மேலே ஆடை கட்டியிருந்தது. முட்டை மேல் ஓர் எறும்பு. கரண்டி சுத்தமாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். இடது கை போர்வைக்குள் இருந்தது.

யார் சொன்னாலும் எடுக்கமாட்டார். வேண்டாம் என்று சொன்னவள் நான். நான் சொல்லாமல் எப்படி எடுப்பார்.

உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் லேசாக வேர்வை. “கைய எடுங்க,” என்றேன். எடுக்கவில்லை. “நான்தான் சொல்றேன். எடுங்க.” என்னையே பார்த்தார். அந்தக் கடையில் அந்தப் பெண் பார்த்தாளே, அப்படி.

பழைய தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சூடாகச் சோறு போட்டேன். இரண்டு தட்டு. அவருக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, ஒன்றை மடியில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு இன்னொன்றை என் மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையை விட்டுப் பிசைந்தேன்.

வரவில்லை. விரல் கேட்கவில்லை. உருட்டினால் உதிர்ந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன், கன்னத்தில் பட்டது. சேலையில் பருப்பு ஒழுகியது. உள்ளே போனதை மென்றேன். அருவருப்பை வெளியே காட்டாமல் அடுத்த வாய் எடுத்தேன்.

“ஏ... ஏய்,” என்றார்.

“என்ன?”

“அ... அசிங்கமா... திங்குற.”

“நீங்க தின்னு காட்டுங்க பாப்போம்.”

வாசலில் நின்ற நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். “நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் எறைச்சு வச்சா விரிப்ப யாரு தொவைக்கிறது?”

அவர் முகத்தில் பாதி சிரித்தது. போர்வை அசைந்தது. கை வெளியே வந்தது. தட்டின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் எடுத்தார். முதல் வாயில் பாதி நெஞ்சில் விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம்தான் விழுந்தது. எனக்கு வந்ததைவிட அவருக்கு நன்றாக வந்தது. விரல் எல்லாம் பலமாக இருந்தன. எனக்கு ஏன் அது ஞாபகம் வரவில்லை. லோரியில் ஸ்டியரிங் வலது கை, கியர் இடது கை. அவ்வளவு பெரிய லோரிக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கைதான் கியர் போட்டது. உள்ளங்கையில் இன்னும் அந்தக் காய்ப்பு இருக்கிறது. அந்தக் கையை நான் தினமும் துடைத்துவிடுகிறேன்.

“கோ... கோபுரம்?” என்றார், வாயில் சோற்றோடு.

“பாத்தேன்.”

“எப்டி?”

“ஒசரம்.”

“ஏறுனியா?”

“டிக்கெட்டு வெல ஜாஸ்தி.”

தலையை ஆட்டினார். நான் ஏறவில்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம் மாதிரி இருந்தது. ஒருநாள் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருப்பார். இலைச் சோறு சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதுகாவலர் பாஸ்போர்ட் கேட்டதைச் சொன்னேன். சிரித்தார். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சிந்தியது.

இத்தனை மாதம் பட்டினி போடவில்லை, வேளைக்கு ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அவர் கையைக் கட்டிவைத்துவிட்டு அந்தப் பாராட்டைக் கேட்டிருக்கிறேன்.

அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது, “போதுமா?”

தட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. இடது கையால் அதை என் பக்கம் தள்ளினார்.

“இன்... னும் கொஞ்சம்.”

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சோறு போட்டேன். பருப்பு ஊற்றினேன். உடனே திரும்பிப் போக முடியவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சோறு எங்கே என்று உள்ளே இருந்து அவர் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிட்டார்.